ரோஜாக் குச்சியின் நுனியில் ஓட்டை: துளைத்தது யார்?

கேள்வி:

ஐயா, வணக்கம். நாங்கள் கோவை வடவள்ளியில் இருக்கிறோம். மாடியில் 14 தொட்டிகளில் ரோஜா வளர்க்கிறேன். எட்வர்ட் ரோஜா நான்கு, பன்னீர் ரோஜா மூன்று, மற்றவை ஓசூர் பக்கத்திலிருந்து வாங்கிவந்த ஒட்டுச் செடிகள். ஐப்பசி முதல் வாரத்தில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தேன். துளிர் கிளம்பும் கண்ணுக்கு அடிபடக்கூடாது என்று ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் அங்குலம் மேலே விட்டே வெட்டினேன். அடுத்த இரண்டு வாரத்தில் ஏழெட்டுக் குச்சிகளின் வெட்டு முனையில், சரியாக நடுவில், துளைப்பான் வைத்துத் துளைத்ததுபோல வட்டமான ஓட்டை. ஒரு நாள் கறுப்பாக, பளபளப்பாக, எறும்பைவிடக் கொஞ்சம் பெரிய பூச்சி ஒன்று உள்ளே போவதைப் பார்த்தேன். இது தவிர மூன்று குச்சிகள் நுனியிலிருந்து கறுத்துக் கீழே இறங்குகின்றன. மருந்துக் கடையில் கேட்டதற்குத் தண்டுத் துளைப்பான் என்று சொல்லி, மண்ணில் போடக் குருணை மருந்து கொடுத்தார்கள். இன்னும் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டைக்குள் மண்ணெண்ணெய் விடச் சொல்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை தடவச் சொல்கிறாள். எதைச் செய்வது? செடிகள் செத்துவிடுமா?

பதில்:

அம்மா, வணக்கம். முதலில் ஒரு காரியம். கடையில் வாங்கிய அந்தக் குருணையைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். பொட்டலத்தைப் பிரிக்காமல் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, முடிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒரு நோயைப் பற்றிக் கேட்பதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் உங்கள் மாடியில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நடுவில் ஓட்டை விழுந்த ஏழெட்டுக் குச்சிகள் ஒன்று. கறுத்து இறங்கும் மூன்று குச்சிகள் இன்னொன்று. ஓட்டை கண்ணில் பளிச்சென்று படுவதால் பயம் முழுக்க அதன்மேல் போய்விட்டது. ஆனால் செடியைக் கொல்லக்கூடியது அந்தக் கறுப்புதான். ஆகவே இன்று சாயங்காலமே கறுத்த குச்சிகளை வெட்டிவிடுங்கள். எப்படி வெட்டுவது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

இனி ஓட்டைக்கு வருவோம். நீங்கள் பார்த்த பூச்சியை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. வெட்டு முனையின் சரியான நடுவில் ஓட்டை, சுத்தமான வட்டம், கறுத்துப் பளபளக்கும் சின்ன உடம்பு. இது சிறிய தச்சுத் தேனீ. செராட்டினா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ஜன்னல் சட்டத்தையும் மூங்கில் கழியையும் குடைந்துகொண்டு ரீங்காரமிடும் பெரிய கருவண்டைப் பார்த்திருப்பீர்களே, உண்மையில் அது பெரிய தச்சுத் தேனீ, அதற்கு இது சின்னம்மா மகள் மாதிரி. அளவுதான் குறைவு, பெரும்பாலும் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள். சில இனங்கள் கறுப்பாக இருக்கும், சில பச்சையாகவும் நீலமாகவும் மின்னும். பறக்கும் எறும்பு என்றே பலரும் நினைத்துவிடுவார்கள்.

இந்தத் தேனீ ரோஜாவைத் தின்பதில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ரோஜாத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே பச்சைப் பட்டை, அதற்குள் கட்டை, நடுவில் வெள்ளையாக, மெத்தென்று பஞ்சு மாதிரி ஒரு பகுதி இருக்கும், அதைத்தான் சோறு என்கிறோம். பெண் தேனீ அந்தச் சோற்றைத் தாடையால் சுரண்டி வெளியே தள்ளி, குழாய் மாதிரி ஒரு வீடு கட்டுகிறது. பெரும்பாலும் 5 முதல் 15 செ.மீ. ஆழம் போகும். கீழ்க்கோடியில் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து ஓர் உருண்டை பிடித்து வைக்கும். அதன்மேல் ஒரே ஒரு முட்டை. சுரண்டிய தூளாலேயே அதற்கு மேலே ஒரு தடுப்பு. மறுபடி ஓர் உருண்டை, ஒரு முட்டை, ஒரு தடுப்பு. இப்படி அறைமேல் அறையாக மேலே வரும். வேலை முடிந்ததும் தாய் போய்விடுவதில்லை. வாசலில் உட்கார்ந்து காவல் காக்கும். சில இனங்களில் தாய் தடுப்புகளைத் திறந்து பிள்ளைகளைப் பார்த்து, கழிவை அப்புறப்படுத்திவிட்டுத் திரும்ப மூடுவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெருங்கூட்டமாக வாழாத ஒரு சின்னத் தேனீக்கு இத்தனை தாய்மை!

அது ஏன் உங்கள் செடியைத் தேடி வந்தது? முழுப் பட்டையோடு இருக்கும் பச்சைக் குச்சியை இந்தத் தேனீ பக்கவாட்டில் துளைத்துக்கொண்டு போகாது. அதற்கு சோறு வெளியே தெரிய வேண்டும். காற்றில் ஒடிந்த கிளையோ, காய்ந்து முறிந்த தண்டோ, கத்தரிக்கோல் பட்ட முனையோ இருந்தால்தான் வாசல். கவாத்து செய்த அன்று உங்கள் 14 தொட்டிகளிலும் சேர்த்து எத்தனை வாசல்கள் திறந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதிலும் பென்சிலைவிடத் தடித்த குச்சிகளில் சோறு அகலமாக இருப்பதால் அவற்றைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கும். ஓட்டை விழுந்த குச்சிகளைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் தடித்தவையாகவே இருக்கும்.

செடி செத்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். இதனால் சாகாது. செடியில் தண்ணீரும் உணவும் ஓடுவது பட்டையை ஒட்டியும் கட்டையிலும்தான். நடுச் சோற்றின் வழியாக இல்லை. மூங்கிலுக்குள் வெறும் காற்றுதான் இருக்கிறது, அது ஓங்கி வளரவில்லையா? பப்பாளித் தண்டை வெட்டிப் பார்த்தால் நடுவில் பொந்துதான். அதேபோல ரோஜாக் குச்சியும் நடுவில் காலியானபடியே துளிர்த்துப் பூக்கும். ஆனால் மழைத் தண்ணீர் அந்தக் குழாயில் தேங்கினால் பூசணம் நுழைய வழியாகிவிடும். சுரண்டப்பட்ட பகுதியிலேயே துளிர்த்த கிளை பெரிய பூவைத் தாங்கும்போது காற்றில் ஒடியலாம். இந்த இரண்டுக்காகத்தான் ஓட்டையைக் கவனிக்க வேண்டும். பதறிப்போய்ச் செய்ய வேண்டிய வேலை இதில் ஒன்றுமில்லை.

சரி, உங்கள் கண்ணாலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஓட்டை விழுந்த குச்சிகளில் ஒன்றே ஒன்றை வெட்டி எடுத்து, பேனாக் கத்தியால் நீளவாக்கில் மெதுவாகப் பிளந்து பாருங்கள். உள்ளே மஞ்சள் உருண்டைகளும், அவற்றின்மேல் கால் இல்லாத, வளைந்த வெள்ளைப் புழுக்களும் வரிசையாக இருந்தால் தச்சுத் தேனீதான். மஞ்சளுக்குப் பதில் செத்துப்போன அசுவினிகள் (செடிப்பேன்கள்) அடுக்கி வைக்கப்பட்டிருந்தால் அது ஒரு தனிக் குளவியின் கூடு. இந்தக் குளவிகளும் சோற்றைக் குடைந்து வீடு கட்டுபவைதாம். உங்கள் ரோஜா மொட்டில் மொய்க்கும் அசுவினிகளைப் பிடித்துத் தன் பிள்ளைகளுக்கு ஊட்டும் பூச்சியை எதிரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையான துளைப்பான் என்றால் உள்ளே பழுப்பாக எச்சம் நிறைந்திருக்கும். சுவர் மழமழப்பாக இல்லாமல் கடித்துக் குதறியதுபோல இருக்கும். மகரந்தமோ அறைகளோ இருக்காது. ஒரு வண்டின் புழுவோ அந்துப்பூச்சியின் புழுவோ தனியாகக் கிடக்கும்.

அந்த நிஜத் துளைப்பானை வெளியிலிருந்தே அடையாளம் காணவும் வழி உண்டு. வெட்டே படாத, நல்ல பச்சையான இளந்தண்டு ஒன்று காலையில்கூடத் தலை தொங்கி நிற்கும். பக்கத்துத் தண்டுகள் எல்லாம் நன்றாக இருக்கும். தண்ணீர்க் குறைவு என்றால் எல்லாமே சேர்ந்து வாடியிருக்கும், தண்ணீர் விட்டதும் நிமிரும். வாடிய தண்டின் பக்கவாட்டில் தேடினால் ஓட்டையும், அதன் வாயில் மரத்தூள் மாதிரி எச்சமும் தெரியும். சில சமயம் அந்த இடம் கொஞ்சம் வீங்கியும் இருக்கும். அப்படிக் கண்டால் தயங்காமல், துளை முடியும் இடத்துக்குக் கீழே வெட்டி, புழுவோடு சேர்த்து அந்தத் துண்டை அழித்துவிடுங்கள். நம் சமவெளி மாடித்தோட்டங்களில் இதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். ரோஜாவில் ஓட்டை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டப்பட்ட குச்சிகளில் பெரும்பாலானவை தேனீக் கூடுகள்தாம்.

தரையில் ரோஜா வைத்திருக்கும் வாசகர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடித்தண்டில் மண் பூசியதுபோல இருந்து, அதைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை எறும்பு ஓடினால் அது கரையான். அதற்கு வைத்தியமே வேறு. நுனி ஓட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் மகள் சொன்னதற்கு வருகிறேன். பசை தடவும் பழக்கம் அமெரிக்க ரோஜா ஆர்வலர்களிடம் பரவலாக உண்டு. அங்கேயும் இந்தச் செராட்டினா தேனீக்கள் இருக்கின்றன. அவற்றைத் தடுக்கத்தான் அந்த வெள்ளைப் பசை. நல்ல வழி, நானும் அதையே சொல்கிறேன். ஆனால் மகளுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். அவர் இருக்கும் பகுதியில் ரோஜாவைத் தின்னும் நிஜத் துளைப்பான்களும் இருக்கின்றன. ரம்பக்குளவி வகை ஒன்று இளந்தண்டில் முட்டையிடும். புழு உள்ளே இருந்தபடி கீழ்நோக்கித் தின்றுகொண்டு போகும், நுனி தொங்கிவிடும். ஒரு வண்டு தண்டைச் சுற்றி அரை அங்குல இடைவெளியில் இரண்டு வளையம் கடித்துவிட்டு நடுவில் முட்டை வைக்கும். இன்னொரு வண்டின் புழு பட்டைக்கு அடியில் சுருள் சுருளாகத் தின்று தண்டை வீங்க வைக்கும். இவை வெட்டு முனையைத் தேடி வருவதில்லை, ஆகவே பசை இவற்றை நிறுத்தாது. வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் நாட்களில் அவர் வீட்டு ரோஜாவில் நுனி வாடினால், வாடிய இடத்துக்கு நன்றாகக் கீழே, சோறு வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டி அழிக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கறுத்த மூன்று குச்சிகள். இதைத்தான் தோட்டக்கலையில் நுனிக்கருகல் என்கிறோம். பூசண நோய். வெட்டு முனையிலோ ஒடிந்த முனையிலோ நுழைந்து, பழுப்பாகவும் பிறகு கறுப்பாகவும் மாற்றிக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கும். கறுத்த பட்டையில் நாளடைவில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். கவனிக்காமல் விட்டால் கிளையோடு நிற்காது. ஒட்டுக்கட்டிய இடம்வரை இறங்கினால் செடியே போய்விடும். அப்புறம் அடியிலிருந்து வேர்ச்செடியின் காட்டு ரோஜாதான் துளிர்க்கும். நீங்கள் ஆசையாக வாங்கிவந்த ரகம் திரும்பி வராது.

மனம் வருத்தப்படாமல் கேளுங்கள் அம்மா. இந்த நோய்க்கு வழிவிட்டது, கண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே விட்டு வெட்டியது. கண்ணைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தீர்கள், புரிகிறது. ஆனால் கண்ணுக்கு மேலே மிஞ்சும் அந்தக் கட்டைத்துண்டில் இலை இல்லை, துளிர் இல்லை. அதனால் சாறு அங்கே ஏறிப் போக வேலையும் இல்லை. அது மெல்லச் சாகும். சாகிற கட்டையில்தான் பூசணம் முதலில் குடியேறும். காயம் ஆறாமல் திறந்தே கிடப்பதால் தேனீக்கும் அதுவே வசதி. போதாக்குறைக்கு ஐப்பசி நம் ஊரில் அடைமழை மாதம். சமவெளியில் அக்டோபருக்கு மேல் கவாத்து செய்வது சரியான பருவம்தான், அதில் தவறில்லை. அதிலும் இரண்டு நாளாவது வெயில் அடிக்கும் இடைவெளி பார்த்துச் செய்ய வேண்டும். வெட்டிய அன்றே மழை நனைத்தால், பூசண விதைகளைக் காயத்தில் ஊற்றிக் கழுவியதுபோல ஆகிவிடும்.

வெட்டும் முறையைச் சொல்கிறேன். கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கட்டும். மொண்ணைக் கத்தரி தண்டை வெட்டாது, நசுக்கும். ஒவ்வொரு கறுத்த குச்சியையும் வெட்டிய பிறகு கத்தரியின் இரண்டு அலகையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கறுப்பு முடியும் இடத்திலேயே வெட்டினால் போதாது, பட்டை பச்சையாக இருந்தாலும் உள்ளே பழுப்பு இறங்கியிருக்கும். அதற்கும் இரண்டு மூன்று அங்குலம் கீழே, வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சரியுமாறு சாய்த்து வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். சோறு பாலாடைபோல வெள்ளையாக இருந்தால் நிறுத்தலாம். பழுப்பு வட்டமோ கறையோ தெரிந்தால் கீழே உள்ள அடுத்த கண்ணுக்கு இறங்குங்கள். குச்சி முழுவதும் போகிறதே என்று இரக்கப்பட்டு நடுவில் நிறுத்திவிட்டால், அடுத்த மாதம் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய கறுத்த துண்டுகளை உரக்குழியில் போடாதீர்கள். எரித்துவிடுங்கள், அல்லது கட்டிக் குப்பையில் கொடுத்துவிடுங்கள்.

இதே வேளையில் 14 தொட்டிகளிலும் மற்ற குச்சிகளில் மிஞ்சியிருக்கும் ஓர் அங்குலக் கட்டைகளையும் இதுபோலக் கால் அங்குலத்துக்குக் குறைத்துவிடுங்கள். துளிர் வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். துளிருக்கு மேலேதானே வெட்டுகிறோம்.

ஓட்டைக் குச்சிகளுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து ஓட்டைக்குள் மெதுவாக விடுங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே விரலால் பிடித்து வெளியே எடுத்து, தண்டின்மேல் வைத்து அளந்தால் கூடு எவ்வளவு ஆழம் என்று தெரியும். சில சமயம் அறையின் தடுப்பில் முட்டி நின்றுவிடும், அதனால் கணக்குக்கு ஓர் அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்துக்குக் கீழே நல்ல கண் இருந்து, செடிக்கு அந்தக் கிளை போனாலும் பரவாயில்லை என்றால் அங்கே வெட்டலாம். கூடு கிளையின் பாதிக்கு மேல் இறங்கியிருந்தாலோ, கீழே துளிர்கள் நன்றாகக் கிளம்பியிருந்தாலோ வெட்டவே வேண்டாம். தேனீயைத் துரத்திக்கொண்டு செடியின் அடிவரை வெட்டிக்கொண்டே போய், ஒட்டுக்கட்டு தெரியும் அளவுக்கு மொட்டையடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேனீயால் வந்த சேதத்தைவிட அந்தக் கத்தரியால் வந்த சேதம் பத்து மடங்கு. அப்படி விட்டுவைக்கும் குச்சியில், குஞ்சுகள் வெளியேறிய பிறகு ஓட்டை வாயைப் பசையால் அடைத்துவிட்டால் தண்ணீர் இறங்காது.

எப்போது வெளியேறும் என்று கேட்பீர்கள். முட்டையிலிருந்து பூச்சியாவதற்கு நம் வெப்பத்தில் ஒரு மாதம், அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். ஐப்பசியில் கட்டிய கூடு என்பதால், இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது சில கூடுகள் காலியாகவே இருக்கக்கூடும்.

இனி பசை. வெட்டின காயம் ஈரம் காய ஒரு மணி நேரம் விடுங்கள். உங்கள் தோட்டத்தில் நுனிக்கருகல் வந்துவிட்டதால் வெறும் ஃபெவிகாலோடு நிறுத்தாமல் முதலில் போர்டோ பசையைத் தடவுங்கள். 14 தொட்டிக்கு நிறைய வேண்டாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 10 கிராம், தண்ணீர் 100 மில்லி போதும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தத்தைப் பொடித்துப் பாதித் தண்ணீரில் கரையுங்கள். சுண்ணாம்பை மீதித் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் வான நீலத்தில் பசை வரும். பளபளப்பான இரும்பு ஆணி ஒன்றை அதில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் அதிகம், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். படியாவிட்டால் சரியான பதம். அன்றே பயன்படுத்திவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். மயில்துத்தம் விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையெல்லாம் முடியாது என்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு பொடியைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து முனையில் தடவினாலும் சரி.

போர்டோ பசை பூசணத்தைத் தடுக்கும், தேனீயைத் தடுக்காது. காய்ந்ததும் பொருக்காக உதிரும், தேனீ அதைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடும். அதனால் மறுநாள் அதன்மேல் ஒரு சொட்டு வெள்ளைப் பசை வைத்து வெட்டு முகம் முழுவதும் மூடுமாறு பரப்புங்கள். தச்சர்கள் வாங்கும் மரவேலைப் பசையே போதும். மழைக்காலத்துக்குச் சாதாரண ரகம் கரைந்துவிடுவதால், தண்ணீரைத் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். நகப்பூச்சும் நன்றாகவே வேலை செய்யும், சின்னத் தோட்டத்துக்குக் கைவசம் இருப்பதைப் பயன்படுத்தலாம். கண்மேல் மட்டும் எதுவும் படக்கூடாது. பென்சில் கனத்துக்கு மேற்பட்ட குச்சிகளுக்குத் தடவினால் போதும், ஈர்க்குக் கனத்துக் கிளைகளுக்கெல்லாம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பூப்பறிக்க நீளக் காம்போடு வெட்டும்போதும் அதே கணக்குதான்.

பசுஞ்சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். நானும் செய்து பார்த்திருக்கிறேன். வெயிலில் வெடிப்பு விட்டு உதிர்ந்துவிடுகிறது. தேனீயைத் தடுக்க அது உதவவில்லை. மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றுவதும் வேண்டாம், சூடு இளம் பட்டையைச் சுடும், கோவை வெயிலில் மெழுகு இளகவும் செய்யும்.

மண்ணெண்ணெய், குருணை இரண்டையும் ஏன் வேண்டாம் என்கிறேன்? மண்ணெண்ணெய் பட்ட தண்டு கருகிப்போகும், பூச்சியோடு கிளையும் போகும். குருணை என்று கடைகளில் கொடுப்பது பல சமயம் கார்போபியூரான். மிகக் கடுமையான விஷம். அதை வேர் உறிஞ்சி, சாற்றோடு மேலே ஏற்றும். ஆனால் சோறு உயிரற்ற பஞ்சு மாதிரி, சாறு அங்கே போவதில்லை. கூட்டில் இருக்கும் புழு தின்பதும் வெளியிலிருந்து தாய் கொண்டுவந்த மகரந்தத்தை. ஆக, நீங்கள் போட்ட விஷம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பூவுக்குப் போகும், இலைக்குப் போகும், தொட்டியின் அடியில் வழியும் தண்ணீருக்குப் போகும். மாடியில் பக்கத்திலேயே கீரைத் தொட்டி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். பூவைப் பறித்துத் தலையில் வைக்கிறோம், சாமிக்குப் போடுகிறோம், பன்னீர் ரோஜா என்றால் குல்கந்துக்கும் எடுக்கிறோம். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றுவதும் இதே கதைதான். திறந்தவெளிப் பயிர்களில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் தடை போட்டதற்குத் தேனீக்கள்தாம் காரணம். பழைய தோட்டக்கலைக் கையேடுகளில் கவாத்து முனைக்குப் பூச வேண்டிய பசையில் கார்பாரில் என்ற பூச்சிக்கொல்லிப் பொடியைக் கலக்கும்படி எழுதியிருக்கும். அதையும் பின்பற்ற வேண்டாம், 2018 ஆகஸ்டில் இந்தியாவில் கார்பாரில் தடை செய்யப்பட்டுவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஊசிக்குழலால் ஓட்டை ஓட்டையாகப் பூச்சிக்கொல்லி விட்டிருக்கிறேன். ஒரு நாள் அந்தக் குச்சிகளில் ஒன்றைப் பிளந்து பார்த்தபோது, ஐந்து மஞ்சள் உருண்டைகளும் ஐந்து செத்த புழுக்களும் வரிசையாக இருந்தன. வாசலை ஒட்டித் தாயும் செத்துக் கிடந்தது. செடிக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்துக் குச்சிகளில், மருந்து விடாதவையும் விட்டவையும் ஒரே மாதிரி துளிர்த்திருந்தன. அதற்கப்புறம் நான் அதைச் செய்யவில்லை, யாரையும் செய்யச் சொன்னதுமில்லை.

இந்தத் தேனீக்கள் எள், துவரை, பூசணிக் குடும்பத்துப் பூக்கள் என்று பலவற்றுக்கும் போய் வருபவை. உங்கள் மாடியில் பாகலோ பூசணியோ இருந்தால் அதன் பூவருகே காலையில் உட்கார்ந்து பாருங்கள், அதே கறுப்புப் பளபளப்பு தெரியும். அவற்றுக்கு வேண்டியது சோறுள்ள காய்ந்த குச்சி, அவ்வளவுதான். ரோஜாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெங்களூரில் ஆய்வாளர்கள் இந்த இனத் தேனீயின் கூடுகளை மயில்கொன்றையின் காய்ந்த குச்சிகளில் கண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் தெருவில் வேலியோரம் மயில்கொன்றை இல்லாமலா இருக்கும்? காய்ந்த குச்சிகளாகப் பார்த்து, விரல் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் இருபது முப்பது வெட்டிவந்து, சோறு தெரியும்படி முனையைச் சீவி, கயிற்றால் கட்டி, மழைபடாத சன்ஷேடுக்கு அடியில் படுக்கைவாட்டில் தொங்கவிடுங்கள். ரோஜா முனைகளில் பசையும், பக்கத்திலேயே திறந்த குச்சிக் கட்டும் இருந்தால் அவை எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் வெட்டி எடுக்கும் ஓட்டைக் குச்சிகளில் கறுப்பு இல்லாதவற்றையும் அதே கட்டில் செருகிவிடுங்கள், ஓட்டை வாய் வெளிப்பக்கம் இருக்கட்டும். மாசி வரை வைத்திருந்தால் உள்ளே இருப்பவை தானாக வெளியேறிவிடும்.